நான்காம் இடத்துக் கைத்தடி

மார்ச் கடைசியில் லாரல் பெண்ட் ஊரின் பைன் மரங்கள் பூந்தூளைக் கொட்ட ஆரம்பித்துவிடும். கார் மேல், காயப்போட்ட துணி மேல், சர்ச் படிக்கட்டு மேல், தலைமுடியில், காபியில், எங்கு பார்த்தாலும் மஞ்சள். இரண்டு நல்ல மழை பெய்தால்தான் விடும், அதுவரை ஊரே தும்மிக்கொண்டு திரியும். திங்கட்கிழமை விடியற்காலை வேலைக்குக் கிளம்பக் கதவைத் திறந்த வெர்னீஸ் காஸ்கின், வாசல் பலகைகளில் படிந்திருந்த மஞ்சளில் காலடித் தடங்களைப் பார்த்தாள். பெரிய கால். கதவுக்கு நேர் எதிரே இரண்டு தடங்கள் மட்டும் மிகவும் அழுத்தமாகப் பதிந்திருந்தன. யாரோ அங்கே வெகுநேரம் நின்றிருக்கிறார்கள். ஆனால் கதவைத் தட்டும் சத்தம் எதுவும் வீட்டில் யாருக்கும் கேட்டிருக்கவில்லை.

"ஹோரஸ், கொஞ்சம் இங்க வா."

"காபி ஊத்திக்கிட்டிருக்கேன்."

"காபி கெடக்கட்டும், வா."

அவள் புருஷன் ஹோரஸ் பனியனோடு வந்து குனிந்து பார்த்தான். மரம் அறுக்கும் ஆலையில் ஷிப்டு மேற்பார்வையாளன் அவன். பெரிய உடம்பு, மெதுவாகத்தான் எதையும் செய்வான்.

"பேப்பர் போடுறவனா இருக்கும்."

"நாம பேப்பர நிறுத்தி ஆறு வருசம் ஆச்சு."

"புதுசா வந்தவனா இருப்பான், தெரியாம வந்திருப்பான்."

"வந்தவன் பேப்பரப் போடாம நின்னு பாத்துட்டுப் போவானாக்கும்."

ஹோரஸ் துடைப்பத்தை எடுத்து வந்து அந்த இடத்தைப் பெருக்கினான். முப்பது வருட இல்லறத்தில் அவள் சொல்லாமலே அவன் துடைப்பத்தைத் தொட்டது அன்றைக்குத்தான். அதிலிருந்தே அவனும் பயந்திருக்கிறான் என்று வெர்னீஸுக்குத் தெரிந்துவிட்டது.

பயப்படக் காரணம் இருந்தது. சனிக்கிழமை மாலை கல்லூரி அரங்கில் ஸ்டெப் நடனப் போட்டி நடந்தது. கல்லூரிச் சகோதரச் சங்கங்கள் வருடா வருடம் மோதிக்கொள்ளும் போட்டி அது. அதற்கு மேளம் கிடையாது, பக்க வாத்தியம் கிடையாது. காலும் கையும் தொடையும் தரையும்தான் வாத்தியம். அரங்கத்தின் நடுவே உட்கார்ந்தால் நெஞ்சுக்கூட்டுக்குள் அந்தச் சத்தம் இறங்கும். படிக்கிற காலத்தில் சேர்ந்த சங்கம் சாகிற வரைக்கும் கூட வரும், செத்த பிறகு சவப்பெட்டி மேல் போர்த்துகிற துணியும் அதன் நிறத்தில்தான் இருக்கும். ஹோரஸ் செம்பருந்துச் சங்கத்துக்காரன். வெர்னீஸ் வேறொரு சகோதரிச் சங்கம். அதை வைத்து இருவரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டே கிழவனும் கிழவியுமாகிக்கொண்டிருந்தார்கள்.

போட்டியின் ஐந்து நடுவர்களில் வெர்னீஸும் ஒருத்தி. மற்ற நான்கு பேரும் ஒழுங்கு, குரல், புதுமை என்று புள்ளி போடுவார்கள். வெர்னீஸ் குறைப்பது மட்டும்தான். நேரம் மீறினால் தண்டம், கெட்ட வார்த்தை வந்தால் தண்டம், தொப்பி விழுந்தால் தண்டம், கைத்தடி விழுந்தால் மூன்று புள்ளி தண்டம். யாருக்கும் பிடிக்காத அந்த நாற்காலியில் அவள் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்படி ஒரு காது. பன்னிரண்டு பேர் ஒன்றாகக் குதித்து இறங்கும்போது ஒருவன் அரை மூச்சு பிந்தினாலும், அவன் வரிசையில் எத்தனையாவது ஆள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். ஊரில் அவளுக்குப் பெயரே காது வெர்னீஸ். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

செம்பருந்துகள் கடைசி அணியாக ஏறினார்கள். பன்னிரண்டு பையன்கள், பன்னிரண்டு கறுப்புக் கைத்தடிகள். தடி முதுகுக்குப் பின்னால் சுழன்றது, தொடைக்கடியில் புகுந்தது, பக்கத்தில் நிற்பவன் கைக்குப் போய்த் திரும்பி வந்தது. பதிமூன்று நிமிடக் கெடு முடியப் பத்து விநாடி இருக்கும். வெர்னீஸ் குனிந்து கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தாள். அப்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்டது, அதன் பின்னாலேயே சின்னதாக இன்னும் இரண்டு. நிமிர்ந்தாள். வரிசையில் நான்காம் இடத்தில் ஜாவன்டே என்பவன் வெறுங்கையோடு நின்றான், தடி காலடியில் கிடந்தது. அந்த நான்காம் இடம் ட்ரெமெய்ன் சிம்ஸ் என்ற பையனுடையது. போன அக்டோபரில் ஒத்திகை முடிந்து வீடு திரும்பும்போது நெடுஞ்சாலையில் கார் கவிழ்ந்து செத்துப்போனவன்.

அடுத்த நொடி அணித்தலைவன் "ட்ரெமெய்ன்" என்று ஓங்கிக் குரல் கொடுத்தான். எல்லாரும் ஒற்றை முழங்காலில் இறங்கித் தலை குனிந்தார்கள். செத்துப்போனவனுக்காகத் தடியைத் தரையில் வைத்துவிட்டார்கள் என்று அரங்கமே எழுந்து நின்று அழுதது. நடுவர் மேஜையிலேயே இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெர்னீஸ் மட்டும் தன் தாளில் 'கைத்தடி விழுந்தது, மூன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். செம்பருந்துகள் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியின் கரடிச் சங்கத்துக்காரர்கள் கோப்பையையும் அடுத்த சுற்றுக்கு அட்லாண்டா போகிற வாய்ப்பையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு அவளைப் பின்வாசல் வழியாகத்தான் வெளியே கூட்டி வர முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த வீடியோவை ஊரில் பார்க்காதவர்கள் இல்லை. பார்த்து ஒன்றும் ஆகவில்லை. முன்னால் நின்றவன் தோள் மறைத்தது, கூச்சல் சத்தத்தை மூடிவிட்டது. தடி விழுந்ததா, வைத்தார்களா என்று சொல்ல வெர்னீஸின் வாய் ஒன்றுதான் மிச்சம். செம்பருந்துகள் முறையீடு கொடுத்தார்கள். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை என்று முடிவானது.

வெர்னீஸ் தபால்காரி. வேறு வேலையாக இருந்திருந்தால் ஒரு வாரம் வீட்டுக்குள் கிடந்திருக்கலாம். அவளோ நானூறு வாசல் ஏறி இறங்க வேண்டும். தோளில் பை, இடுப்பில் நாய்க்குத் தெளிக்கும் டப்பா, மூக்கில் பூந்தூளுக்குக் கட்டிய துணி. வழக்கமாக அவள் வரும் நேரத்துக்கு வாசலில் நின்று வம்பு பேசுகிறவர்கள் எல்லாரும் அந்தத் திங்கட்கிழமை உள்ளே இருந்தார்கள். திரைச்சீலை மட்டும் அசைந்தது. முடிவெட்டும் கடையில் ஆறு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவள் கடிதத்தை நீட்டியதும் கடை அமைதியாகிவிட்டது.

"வெயில் ஜாஸ்திதான் இல்ல?" என்றாள்.

"ஆமா மிஸ் வெர்னீஸ்," என்றான் கடைக்காரன். கடிதத்தை வாங்கிக் கண்ணாடி முன்னால் வைத்துவிட்டு அவளைப் பார்க்காமலே சொன்னான். "பாத்துப் போங்க."

பாத்துப் போங்க என்று பதினேழு வருடமாகச் சொல்கிறவன்தான். அன்றைக்கு அந்தச் சொல் வேறு மாதிரி கேட்டது. அடுத்த தெருவில் ஒரு சிவப்பு கார் அவள் நடக்கிற வேகத்துக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. அவள் நின்றாள், காரும் நின்றது. உள்ளே யார் என்று தெரியாதபடி கண்ணாடி முழுக்க மஞ்சள். மூலை திரும்பியதும் போய்விட்டது. அவள் ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அந்த வீட்டு மின்கட்டணக் கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டாள். பிறகு திரும்பி வந்து எடுத்து மாற்ற வேண்டியிருந்தது.

நடையின் கடைசி வீடு க்ளாடெட் சிம்ஸுடையது. செத்துப்போன ட்ரெமெய்னின் அம்மா. அவளும் வெர்னீஸும் ஒரே சர்ச், ஒரே பாடகர் குழு. தினமும் வெர்னீஸ் வரும் நேரம் பார்த்து ஐஸ் போட்ட இனிப்புத் தேநீரோடு வாசலில் உட்கார்ந்திருப்பாள். ட்ரெமெய்ன் பெயருக்கு இன்னும் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன, ஷூ விளம்பரம், வங்கி விளம்பரம் என்று. வெர்னீஸ் அவற்றைக் கட்டின் அடியில் வைத்துத்தான் கொடுப்பாள். திங்கட்கிழமை அந்தக் கதவு சாத்தியிருந்தது. கடிதங்களைப் பெட்டியில் போட்டுவிட்டு வேகமாக நடந்துவிட்டாள். கதவு சாத்தியிருந்ததில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

புதன்கிழமை காலையிலும் காலடித் தடங்கள் இருந்தன. அன்று மாலை கார்னெல் பாய்ட் வீட்டுக்கு வந்தார். ஊரில் சவ அடக்கம் செய்கிற நிலையம் அவருடையது. செம்பருந்துச் சங்கத்தின் மூத்தவர்களுக்குத் தலைவரும் அவர்தான். வியர்க்கிற வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். கையில் கேக் இருந்தது.

"சிஸ்டர் வெர்னீஸ், என் வீட்டுக்காரி செஞ்சது. அதனால பயப்படாம சாப்பிடலாம்."

அவர் மட்டும் சிரித்தார். ஹோரஸ் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"ஆலை எப்படிப் போகுது பிரதர் ஹோரஸ்?"

"போகுது."

"நல்லது. நான் சண்டை போட வரலை. வெர்னீஸ், உங்க காது பெரிய காது. இல்லேன்னு சொல்ல மாட்டேன். காதுக்கும் வயசாகும்ல, அதத்தான் சொல்றேன்."

"எனக்கு அம்பத்தஞ்சு. உங்களுக்கு அறுபத்திரண்டு. உங்க கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு அந்த வீடியோவ நீங்க இன்னொரு தடவ பாருங்க."

"வாய் குறையலை, சந்தோஷம்." கார்னெல் கேக்கின் மேல் மூடியிருந்த தாளை விரலால் நீவி விட்டார். "அந்தப் பையனக் குளிப்பாட்டி உடுத்தி அனுப்புனது நான். முகத்தச் சரி பண்ண ரெண்டு நாள் ஆச்சு. பெத்தவ பாக்கணும் இல்லையா. அவன் கூட்டாளிங்க அவனுக்காக ஒரு தடிய வைக்கிறாங்க. அதப் போயி விழுந்ததுன்னு எழுதுனா, அந்தத் தாய்க்கு எப்படி இருக்கும்?"

"வெச்ச தடி ஒரு சத்தம்தான் போடும்."

"நீங்க அதக் கண்ணால பாத்தீங்க."

அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. வெர்னீஸ் வாயைத் திறந்து மூடினாள். கார்னெல் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எழுந்து ஹோரஸின் தோளில் கை வைத்தார்.

"நானும் இவனும் ஒரே வருசம் சங்கத்துல சேந்தவங்க. என் பெட்டியத் தூக்க இவன் வரணும், இவன் பெட்டியத் தூக்க நான் வரணும். அப்படித்தான பேச்சு. அன்னைக்கு யார் வருவா, யார் வரமாட்டான்னு நெனைச்சுப் பாத்தா மனசுக்குக் கஷ்டமா இருக்கு. இந்தக் கேக்கை ஃபிரிட்ஜுல வைக்காதீங்க, காஞ்சுபோகும்."

அவர் கார் போய்விட்டது. வெர்னீஸ் கீரையைச் சுடவைத்துச் சோள ரொட்டியை வெட்டிப் போட்டாள். ஹோரஸ் கீரையை முள்கரண்டியால் தள்ளிக்கொண்டே இருந்தான். அவளுக்கு அதற்கு மேல் அடக்கிவைக்க முடியவில்லை.

"நான் அதப் பாக்கல ஹோரஸ்."

"எத?"

"தடி விழுந்தத. வாட்ச்சப் பாத்துக்கிட்டிருந்தேன். காதுலதான் கேட்டேன்."

ஹோரஸ் கரண்டியைக் கீழே வைத்தான்.

"பாக்காமயா எழுதுன?"

"பாக்காமதான் எழுதுனேன். கை தானா எழுதிருச்சு. காது சொன்னா கை எழுதும், எனக்கு அப்படியே பழகிப்போச்சு."

"ஜனவரியில புது நடுவருங்களுக்கு நீதான பாடம் எடுத்த. கண்ணால பாக்காத தண்டம் செல்லாதுன்னு."

"நான்தான்."

"அப்போ அதச் சொல்லிடு வெர்னீஸ். பாக்கலைன்னு சொல்லிட்டா மூணு புள்ளி திரும்பிரும், விஷயம் முடிஞ்சுரும்."

"முடிஞ்சுரும். அப்புறம் பதினெட்டு வருசத்துல நான் தண்டம் போட்ட ஒவ்வொருத்தனும் தாளத் தூக்கிக்கிட்டு வருவான். இதப் பாத்தியா, அதப் பாத்தியான்னு. ஜெயிச்ச கரடிப் பசங்க வேற, கோப்பையக் குடுத்துட்டுப் புடுங்குனா சும்மா இருப்பானுங்களா?"

"பாத்தேன்னு சொன்னா?"

"பாத்தேன்னு சொன்னா யாராலயும் இல்லேன்னு சொல்ல முடியாது. உன் பெட்டியத் தூக்க ஆள் வராது, அவ்வளவுதான்."

"கூலிக்கு ஆறு பேரப் பிடிச்சுக்கலாம்," என்றான் ஹோரஸ். "நான் வேணும்னா அதுக்குள்ள கொஞ்சம் எளைச்சிடுறேன்."

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்து மேஜையைத் தட்டியிருப்பாள். கேக்கை இருவரும் தொடவில்லை.

வியாழக்கிழமை க்ளாடெட் கடிதப் பெட்டியின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கையில் தேநீர் இல்லை. வீட்டுச் செருப்போடு தெருவரை வந்திருந்தாள். தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்ட வெர்னீஸ், முந்திய நான்கு வீடுகளிலும் எவ்வளவு மெதுவாகக் கடிதம் போடலாமோ அவ்வளவு மெதுவாகப் போட்டாள். வீடுகள் தீர்ந்துபோயின.

"விழுந்துச்சா, வெச்சாங்களா?" என்றாள் க்ளாடெட்.

"சனிக்கிழமை சொல்லுறேன்."

"சனிக்கிழமை ஊருக்குச் சொல்லு. எனக்கு இப்பச் சொல்லு."

வெர்னீஸ் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். அடியில் ட்ரெமெய்ன் பெயருக்கு ஒரு பற்பசை விளம்பரம் இருந்தது.

"நீ போன சனிக்கிழமை அரங்குக்கு வரலையே," என்றாள்.

"எனக்கு யாரும் சொல்லலை. நான் வீட்டுல கெளுத்தி மீன் வறுத்துக்கிட்டிருந்தேன். ஒரு ஆளுக்கு எத்தன துண்டு வறுக்குறதுன்னு எனக்கு இன்னும் கைவரலை, நாலஞ்சு கூடப் போயிருச்சு." க்ளாடெட் பெட்டியின் மேலிருந்த மஞ்சளைக் கையால் வழித்தாள். "ஞாயித்துக்கெழமை சர்ச்சுல ஒவ்வொருத்தரா வந்து கட்டிப் பிடிச்சு அழுதாங்க. உன் மகனுக்குத் தடி வெச்சாங்க, ட்ரெமெய்னுக்குத் தடி வெச்சாங்கன்னு. அஞ்சு மாசமா என் முன்னாடி யாரும் அவன் பேரச் சொல்றதில்ல வெர்னீஸ். நீ கூடச் சொல்றதில்ல. அவன் கடுதாசிய அடியில ஒளிச்சு வெச்சுக் குடுக்குற. ஞாயித்துக்கெழம ஒரே நாள்ல நாப்பது பேர் அவன் பேரச் சொன்னாங்க."

"க்ளாடெட்."

"அது எனக்கு வேணும். அது பொய்யின்னா அதயும் நான் தெரிஞ்சுக்கணும். எனக்கு ரெண்டுமே வேணும், அது எப்படி ஆகும்னு தெரியலை. ராத்திரியெல்லாம் ஒரே யோசனை. தடி வெக்கறதா இருந்திருந்தா அந்தப் பசங்க என்ன ஒரு வார்த்த கூப்பிட்டிருப்பாங்கல்ல?"

க்ளாடெட் கையை நீட்டிக் கட்டை வாங்கிக்கொண்டாள். அடியிலிருந்த விளம்பரத்தை உருவி எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அதுவரை வெர்னீஸ் பயந்ததெல்லாம் கார்னெலுக்கும் சிவப்பு காருக்கும் காலடித் தடத்துக்கும்தான். அன்றிலிருந்து க்ளாடெட்டின் முகம்தான் அவளுக்குப் பெரிய பயம்.

வெள்ளிக்கிழமை விடியுமுன்பே எழுந்து, விளக்குப் போடாமல், ஹோரஸின் பழைய பேஸ்பால் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தாள். ஹோரஸ் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வெளுக்கிற நேரத்தில் வாசல் பலகை முனகியது. மூச்சுவிடுகிற சத்தம் கூட அவளுக்குக் கேட்டது. நின்றவன் தட்டவில்லை. எழுந்து, மட்டையை ஓங்கிக்கொண்டே கதவை இழுத்துத் திறந்தாள்.

"அடிக்காதீங்கம்மா. நான் ஜாவன்டே."

நெடுநெடுவென்று வளர்ந்த பையன். அவளைவிட அவன் அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தான். அவள் மட்டையை இறக்கினாள், கையிலிருந்து விடவில்லை.

"இத்தன நாளும் வந்து நிக்கிறது நீதானா?"

"ஆமாம்மா. தட்டலாம்னுதான் வருவேன்."

"ஏன் தட்டல?"

அவன் தன் காலைப் பார்த்தான்.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"எனக்குத் தெரிஞ்சதச் சொல்லுவேன்."

"கேட்டதயா, பாத்ததயா?" என்றான் ஜாவன்டே. "நீங்க குனிஞ்சிருந்தீங்கம்மா. தடி கைய விட்டுப் போன உடனே நான் உங்க மேஜையத்தான் பாத்தேன். உங்க உச்சந்தலதான் தெரிஞ்சுது."

"இத யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லம்மா. சொன்னா, தடி கைய விட்டுப் போச்சுன்னும் சேத்துல்ல சொல்லணும்." அவன் குரல் தேய்ந்தது. "எங்க பசங்க மொதல் நாளே சொல்லிட்டாங்க, நீ வாயத் தொறந்தா நீ எங்களுக்குப் பிரதரே இல்லன்னு. பிரதர் கார்னெல் முன்னாடி வெச்சுச் சொன்னாங்க. நான் என்னம்மா பண்ண?"

அவளுக்கே தெரியாத ஒன்றை அவள் எப்படிச் சொல்வாள். ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான். மஞ்சளில் அவன் தடத்தை அவள் பெருக்கவில்லை. இருவரும் ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. நாளைக்குப் பார்த்தேன் என்று அவள் சொன்னால் மறுக்கக்கூடியவன் அவன் ஒருவன்தான், அவனும் மறுக்க மாட்டான். பொய் சொல்ல அதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

சனிக்கிழமை விசாரணை சர்ச்சின் கீழ்த்தளச் சாப்பாட்டுக் கூடத்தில். தரைக்குப் போட்ட மெழுகும் யாரோ வறுத்து வைத்த கோழியும் சேர்ந்து மணத்தன. இடது பக்கம் செம்பருந்துகள், கறுப்புக் கோட்டில் கார்னெல், அவர் பின்னால் ஹோரஸ். சங்கத்துக்காரன் அங்கேதான் உட்கார வேண்டும். வலது பக்கம் கரடிப் பையன்கள் ஏழெட்டுப் பேர், கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு. மேஜைக்குப் பின்னால் தலைமை நடுவர் மெல்பா ஸ்ட்ரிக்லண்ட். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அந்தக் கூடத்தில் பாதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். கடைசி வரிசையில் க்ளாடெட் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"ஊர்க்கதை வேண்டாம்," என்றார் மெல்பா. "எனக்கு ஒரே கேள்விதான். சிஸ்டர் வெர்னீஸ், தடி கைய விட்டு விழுறத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

பார்த்தேன் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. ஜாவன்டே தலையைத் தொங்கப்போட்டிருந்தான். தான் சொல்கிற பொய்யை இந்தப் பையனும் ஆயுசு முழுக்கச் சுமப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் சுமையே அவனுக்குப் போதும்.

"பாக்கலை," என்றாள். "வாட்ச்சப் பாத்துக்கிட்டிருந்தேன். காதுல கேட்டு எழுதுனேன்."

கரடிப் பையன்களில் ஒருவன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான், பக்கத்தில் இருந்தவன் இழுத்து உட்கார வைத்தான். மெல்பா கண்ணாடியைக் கழற்றி அவளை வெகுநேரம் பார்த்தார்.

"உன்கிட்ட இத நான் எதிர்பாக்கலை வெர்னீஸ்."

"நானும்தான்."

"கண்ணால பாக்காத தண்டம் செல்லாது. மூணு புள்ளியும் திரும்புது. செம்பருந்துகள் ஜெயிச்சதா எழுதிக்கிறேன்."

செம்பருந்துகள் எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். சங்கத்தின் கூவல் கூடத்தை அதிரவைத்தது. கார்னெல் ஹோரஸிடம் கை நீட்டினார். ஹோரஸ் கையைக் கொடுத்தான், கண் மட்டும் பெண்டாட்டி மேல் இருந்தது. அவளுக்கு இனி அந்த நாற்காலி கிடையாது. அது தெரிந்துதான் சொன்னாள், ஆனாலும் காதுக்குள் வெறிச்சென்றிருந்தது.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் க்ளாடெட் பின்னாலிருந்து. சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் கூவல் நின்றுவிட்டது. "கண்ணால பாக்கல, சரி. காதுல என்ன கேட்ட வெர்னீஸ்?"

இதற்குத்தான் அவள் வியாழக்கிழமையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். ஒரு சத்தம் என்று சொன்னால் போதும். கோப்பை முடிந்த கதை, யாருக்கும் நஷ்டமில்லை, ஒரு தாய்க்கு ஆறுதல். கார்னெலின் கண் அதைத்தான் சொன்னது. ஹோரஸின் கண்ணும் அதைத்தான் கெஞ்சியது.

"மூணு சத்தம்," என்றாள் வெர்னீஸ். அழுகை வந்துவிட்டது. "பெருசா ஒண்ணு, சின்னதா ரெண்டு. வெச்ச தடி அப்படிச் சத்தம் போடாது க்ளாடெட். என்னை மன்னிச்சிரு."

"காது ஏமாத்தும் சிஸ்டர் க்ளாடெட்," என்று கார்னெல் எழுந்தார். "அவங்களே இப்பத்தான் ஒத்துக்கிட்டாங்க. நீங்க மனசப் போட்டு..."

க்ளாடெட் அவரைத் தாண்டிப் போனாள். வெர்னீஸையும் தாண்டிப் போனாள். பையன்களின் வரிசையில் ஜாவன்டே முன்னால் போய் நின்றாள். அவன் எழுந்திருக்க முயன்று, முடியாமல் திரும்ப உட்கார்ந்தான்.

"தடி ஏன் விழுந்துச்சுப்பா?"

"சொல்லாதே," என்றான் அணித்தலைவன் தாழ்ந்த குரலில். எல்லாருக்கும் கேட்டது.

"கை நடுங்குச்சும்மா," என்றான் ஜாவன்டே. "நாலாவது எடத்துல நின்னாலே நடுங்கும். ஒத்திகையிலயும் நடுங்கும். அது அவன் தடிம்மா. அவன் புடிச்ச எடத்துல சுத்துன துணி கூட அப்படியேதான் இருக்கு, நான் மாத்தல. அதப் புடிச்சா என்னால..."

"அக்டோபர்லேர்ந்தா?"

"ஆமாம்மா."

க்ளாடெட் குனிந்து அவன் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும்தான்," என்றாள்.

அணித்தலைவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கார்னெல் நின்ற இடத்திலேயே நின்றார், உட்காரவும் இல்லை. ஜாவன்டே ஒரு கையை மட்டும் விடுவித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மேஜைப் பக்கம் திரும்பினான். குரல் உடைந்தாலும் சொல் தெளிவாகவே வந்தது.

"மிஸ் மெல்பா, அந்த மூணு புள்ளிய மறுபடி கழிச்சிடுங்க. தடி விழுந்தத நான் கண்ணால பாத்தேன்."